வந்தியின் பங்கு



ஆவணி மாதத்து மூல நட்சத்திரம் நெருங்கி வருகின்றது. அன்று மதுரையம்பதியிலே பிட்டுத் திருவிழா. சோமசுந்தரப் பெருமான் பிட்டுத்தோப்புக்கு எழுந்தருளி, பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை அடியார்கள் கண்டு களிக்கச் செய்து கோயிலுக்கு மீள்வார். இலண்டனிலே இருக்கும் எமக்கு வைகையும் இல்லை, தோப்பும் இல்லை. பிட்டு மட்டும் உண்டு. எங்கள் வீடுகளிலே வாரத்தில் இரண்டு இரவாவது பிட்டு அவியாத வீடு குறைவு. ஆகவே அந்தப் பிட்டைப் பற்றியும், அதை அவிக்கின்ற கைகளைப் பற்றியும் இம்முறை இப்பக்கத்திலே சிறிது சிந்திப்போம்.

கதை பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்து அறுபத்து நான்கு திருவிளையாடல்களில் மண் சுமந்த படலம் 61 ஆவது. ஊரிலே மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில், கோயில் மண்டபத்தில் திருவாதவூரடிகள் புராணம் படித்துப் பயன் சொல்லக் கேட்டவர்களுக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கும். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் அந்த மண்டபத்தில் இருந்ததில்லை. கதைச் சுருக்கம் ஆங்கிலப் பகுதியிலும் வருகின்றது. என்றாலும் அப்பாவோ அம்மாவோ வாயால் சொல்லிப் பிள்ளை கேட்பதுபோல் வராது.

மாணிக்கவாசக சுவாமிகளைப் பாண்டியன் சுடுமணலிலே நிறுத்தித் துன்புறுத்தினான். வைகை பெருகியது. கரை உடைந்து ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. கரையை அளந்து, ஊரவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு என்று பிரித்து, அவரவர் பங்கை அவரவர் அடைக்க வேண்டும் என்று அரச கட்டளை பிறந்தது. கணக்காளரின் கண்ணுக்கு இது மிக நேர்மையான பங்கீடு. எல்லோருக்கும் சமம், ஏட்டிலே எழுதினால் ஒரு குறையும் தெரியாது.

ஆனால் அந்த ஊரிலே வந்தி என்றொரு கிழவி இருந்தாள். பிட்டு அவித்து விற்றுச் சீவிப்பவள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை, கூலிக்கு ஆள் பிடிக்கப் பொருளும் இல்லை. அவளுக்கும் ஒரு பங்கு அளந்து விட்டார்கள். அவள் சொக்கநாதரை நினைந்து அழுதாள். பெருமான் அழுக்குத் துணி உடுத்து, தலையிலே சும்மாடு வைத்து, கூடையும் மண்வெட்டியுமாக, கூலியாளாக வந்து நின்றார். "எனக்குக் கூலி கொடுப்பார் உண்டோ" என்று தெருவிலே கேட்டுக்கொண்டு வந்தார். பிட்டைத் தவிரக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை என்றாள் கிழவி. உதிர்ந்த பிட்டைத் தந்தால் போதும் என்றார் பெருமான். அன்றைக்கு அவள் அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்து போயிற்று என்று கதை சொல்லுவோர் சுவைபடச் சொல்லுவார்கள்.

பிறகு அவர் மண் சுமந்ததும், பாடியதும் ஆடியதும், வேலையை விட்டுப் படுத்து உறங்கியதும், வந்தியின் பங்கு மாத்திரம் அடைபடவில்லை என்று காவலர் முறையிட்டதும், பாண்டியன் பிரம்பால் அடித்ததும், அந்த அடி எல்லா உயிர்களின் முதுகிலும் பட்டதும் நாம் அறிந்தவை. பொதுவாக இந்தக் கதைக்குப் பயன் சொல்லுவோர் அந்தப் பிரம்படியிலேதான் நிறுத்துவார்கள். எங்கும் நிறைந்த பொருளை அடித்தால் எல்லோருக்கும் வலிக்கும் என்பார்கள். அது சரியான பொருள்தான். நாம் இன்று அதற்கு முன்னுள்ள இடத்திலே சற்று நிற்க விரும்புகின்றோம். ஒருத்தியின் பலத்துக்கு மேற்பட்ட பங்கு அவள் தலையிலே வைக்கப்பட்டது. அதை யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை. ஊரிலே எத்தனையோ ஆண்கள் தங்கள் தங்கள் பங்கை அடைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றார்கள். பக்கத்துப் பங்கிலே இரண்டு கூடை மண் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. கடவுளே இறங்கி வரவேண்டியதாயிற்று.

அடியார்களே, எங்கள் வீட்டுக் கரையை அளந்து பார்ப்போமா?

இந்நாட்டுத் தேசிய புள்ளிவிபர அலுவலகம் 2016 இல் ஒரு கணக்கு வெளியிட்டது. சம்பளமில்லாத வேலை, அதாவது சமைத்தல், துப்புரவாக்குதல், உடுப்புத் தோய்த்தல், பிள்ளைகளையும் முதியோரையும் பார்த்தல் முதலியவற்றுக்கு ஒரு பெண் வாரத்துக்குச் சராசரி 26 மணித்தியாலம் செலவிடுகிறாள். ஓர் ஆண் 16 மணித்தியாலம். இது ஐக்கிய இராச்சியத்து மக்கள் எல்லோரையும் சேர்த்த கணக்கு. அதே அலுவலகம், வீட்டு வேலைகளுக்கெல்லாம் விலை போட்டால் 2016 ஆம் ஆண்டுக்கு 1.24 ரில்லியன் பவுண் வரும் என்றும் கணித்தது. எங்கள் முறையில் சொன்னால் ஓர் இலட்சத்து இருபத்துநாலாயிரம் கோடி. நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கிலே இதற்கு இடமில்லை; பக்கத்திலே தனி ஏடு போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். எமது தொழிலிலே, நடந்த வேலை ஏட்டிலே ஏறாவிட்டால் அதைச் செய்தவருக்குக் கூலியும் இல்லை, நன்றியும் இல்லை.

எங்கள் வீடுகளின் கணக்கு வேண்டுமானால் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவிலே ஒரு தாளை ஒட்டி, யார் எந்த வேலையை எத்தனை நிமிடம் செய்தார்கள் என்று அவரவர் கையால் குறியுங்கள். பாத்திரம் கழுவியது, குப்பைத் தொட்டியை வெளியே வைத்தது, பாடசாலைச் சட்டை அழுத்தியது, அம்மம்மாவின் மருந்தை எண்ணி வைத்தது எல்லாம் ஏறவேண்டும். நாளைக்கு என்ன சமைப்பது என்று பஸ்ஸிலே நின்றபடி யோசித்த நேரத்தையும் எழுதச் சொல்லுவோம். அதுவும் வேலைதான்.

எமது ஆலயத்துக்கு ஒழுங்காக வரும் ஓர் அம்மா, பெயரைச் சொல்லாமல் எழுதலாம் என்று அனுமதி தந்தார். பகலிலே முதியோர் இல்லமொன்றிலே வேலை. மாலை வந்து கணவருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சமையல். மாமியாருக்கு உறைப்பில்லாத கறி, மூத்தவருக்கு உறைப்பான கறி, கடைசிப் பிள்ளைக்குப் பாஸ்தா. வெள்ளிக்கிழமையென்றால் கோயிலுக்கு ஒரு சட்டி சுண்டலும் உண்டு. அவருக்குச் சலரோகம் என்று வைத்தியர் கண்டறிந்தபின், உணவு ஆலோசகர் அவரிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். அம்மா, நேற்றுச் சமைத்தது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். "அது வீட்டாருக்கு. நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று அந்தப் பெண் திரும்பக் கேட்டாராம். அம்மாவுக்கு உடனே பதில் வரவில்லை. கடைசியிலே சொன்னார்: "எல்லாரும் சாப்பிட்டு முடிய, பத்தரை மணிபோல, சட்டியிலை மிஞ்சினதைப் போட்டு நின்றபடி சாப்பிட்டன்."

மிஞ்சினது என்றால் என்ன? கீரை முடிந்திருக்கும், பயற்றங்காய் முடிந்திருக்கும். சோறு இருக்கும், குழம்பின் அடி இருக்கும், அடிச்சட்டியிலே உப்பும் எண்ணெயும் இருக்கும். பெருமான் வந்தியிடம் கூலியாக வாங்கிய உதிர்ந்த பிட்டு எங்கள் வீடுகளிலே அதை அவித்தவளுக்கே கிடைக்கின்றது. "நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு சாப்பிடுறன்" என்ற வார்த்தையை நாம் பிறந்த நாள் தொட்டுக் கேட்டு வருகின்றோம். அதை அன்பு என்று போற்றினோம், அன்புதான், ஐயமில்லை. அதை ஏற்றுக்கொண்டு சாப்பிட்டவர்களைப் பற்றித்தான் இப்போது பேச்சு.

உடல்நிலைக் கணக்கையும் சொல்லிவிடுகின்றோம். 1988 முதல் 1991 வரை மேற்கு இலண்டனிலே சவுத்தோல், பிறென்ற் பகுதிகளில் நாற்பது வயது கடந்த நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஆராய்ச்சிக்கு எடுத்து, இருபது வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 2012 இல் முடிவு வெளிவந்தது. தென்னாசியரில் ஏறத்தாழ அரைப்பங்கினருக்கு 80 வயதுக்குள் நீரிழிவு வருகின்றது; ஐரோப்பியரில் ஐந்தில் ஒருவருக்கு. உயரத்துக்கேற்ற நிறை அளவெண் வெள்ளையருக்கு 25 இலே எச்சரிக்கை என்றால் எமக்கு 23 இலேயே எச்சரிக்கை என்று 2013 இல் இந்நாட்டுச் சுகாதார வழிகாட்டிகள் அறிவித்தன. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குக் கீழ் இருக்க வேண்டும். பார்வைக்கு மெலிந்தவராயினும் வயிறு முன்னே நின்றால் கவலைப்பட வேண்டியதே. பரம்பரையை நாம் மாற்ற முடியாது. தினமும் எத்தனை கரண்டி சோறு, எத்தனை கரண்டி கீரை என்பதை மாற்றலாம். ஆனால் அதை மாற்றுவது யார்? வைத்தியர் கணவருக்குச் சொல்லும் புத்திமதி எல்லாம் மனைவியின் வேலைப்பட்டியலிலே ஒரு வரி கூடுவதாகவே முடிகின்றது. "இனி இவருக்குக் குரக்கன் பிட்டு வேறையா அவிக்கவேணும்."

இந்த இடத்திலே சிலர் முகம் சுழிப்பார்கள். ஆண்கள் குசினிக்குள் போவது எங்கள் வழக்கமா, சமயத்துக்கு ஏற்றதா என்று ஒருவர் எம்மிடமே கேட்டார். சமயத்தையே கேட்போம். ஆகம முறைப்படி அமைந்த கோயில்களில் சுவாமிக்கு நைவேத்தியம் ஆக்கும் மடைப்பள்ளியிலே சமைப்போர் ஆண்களே. சமையற்கலைக்குத் தமிழர் சொல்லும் உவமை நளபாகமும் வீமபாகமும். நளன் அயோத்தியிலே இருதுபன்னனிடம் மடைத்தொழில் பார்த்தவன், வீமன் விராடனுடைய அரண்மனையிலே சமையற்காரனாய் இருந்தவன். இருவரும் அரச குலத்து ஆண்மக்கள். சேக்கிழார் பெருமான் பாடிய இளையான்குடிமாற நாயனாரையும் பாருங்கள். மழை பெய்யும் நள்ளிரவிலே அடியவர் ஒருவர் வந்தார். வீட்டிலே ஒரு பிடி அரிசி இல்லை. அன்று பகல் விதைத்த நெல்லை வாரி வந்தால் சமைக்கலாம் என்று வழி சொன்னது மனைவியார். இருட்டிலே காலால் தடவித் தடவி வயலுக்குப் போய் அதைக் கூடையிலே வாரி வந்தது நாயனார். விறகில்லை என்றபோது கூரை வரிச்சை அறுத்துக் கொடுத்தது அவர். குழியிலே நின்ற கீரையைப் பிடுங்கி வந்ததும் அவரே. நெல்லை வறுத்து அரிசியாக்கி, அந்த ஒரே கீரையைப் பலவகைக் கறியாக ஆக்கியது அம்மையார். ஒருவர் விருந்தினரோடு முன்னறையிலே கதைத்துக்கொண்டிருக்க மற்றவர் அடுப்படியிலே வெந்ததாகப் புராணத்திலே இல்லை.

திருநாவுக்கரசு சுவாமிகளின் கையிலே இருப்பது உழவாரம். புல்லுச் செதுக்குகிற கருவி. அவருடைய தமக்கையார் திலகவதியார் திருவதிகையிலே திருவலகிட்டு, மெழுகி, பூமாலை கட்டினார். கூட்டுவதும் மெழுகுவதும் கோயிலிலே செய்தால் சரியைத் தொண்டு. அதே வேலையை வீட்டிலே செய்தால் அதற்குப் பெயர் இல்லாமற் போவது எமக்கு விளங்கவில்லை. எமது ஆலயத்திலே திருவிழாக் காலத்தில் நூறு பேருக்கான சோற்றுக் கிடாரத்தைக் கழுவ ஆண்கள் போட்டி போடுகிறார்கள். சட்டையைக் கழற்றி, சால்வையை இடுப்பிலே கட்டி, மகிழ்ச்சியோடு கழுவுகிறார்கள். அவர்களில் சிலருடைய மனைவிமார் அந்தக் காட்சியை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். சவுத்தோலிலுள்ள சீக்கியர் குருத்துவாராவுக்குப் போனவர்கள் அறிவார்கள், அங்கே லங்கரிலே ரொட்டி தேய்ப்பதும் தட்டுக் கழுவுவதும் ஆண் பெண் இருபாலாரின் தொண்டு.

தெரியாது என்ற சாட்டும் எங்கள் தலைமுறைக்குப் பொருந்தாது. அகதியாக வந்த ஆண்களிலே பெரும்பாலோர் முதலிலே தங்கியது பல பேர் கூடியிருந்த வீடுகளில்தான். ஈஸ்ட்ஹாமிலே நாம் இருந்த வீட்டில் ஏழு பேர். பெற்றோல் நிலையத்திலே இரவு வேலை செய்பவர், கடையிலே பகல் வேலை செய்பவர், படிப்பவர் என்று ஏழு விதமான நேரம். சுவரிலே முறை எழுதி ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை ஒருவர் பருப்பும் கத்தரிக்காயும், செவ்வாய்க்கிழமை இன்னொருவர் உருளைக்கிழங்குக் குழம்பு. முறையைத் தவறவிட்டவர் மறுநாளும் சமைக்க வேண்டும். பாத்திரமும் கழுவ வேண்டும். அந்த ஏழு பேரும் அருமையாகச் சமைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கலியாணம் செய்தார்கள். கலியாணத்தோடு கையும் மறந்துபோன விந்தையை எந்த வைத்தியர் ஆராய்ந்தாலும் நல்லது.

நேரமில்லை என்பது உண்மைதான். இரண்டு வேலை செய்பவர்கள் எம்மிடையே உண்டு. சனவரி 31 வரிக்கணக்குக் கடைசி நாளுக்கு முந்திய வாரங்களில் எமது தொழிலிலே உள்ளவர்களுக்குச் சாப்பாடே கணினிக்கு முன்னால்தான். ஆகவே நடைமுறைக்கு ஏற்றதாகச் சில சொல்லுகின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் குடும்பமாக நின்றால் வாரத்தின் பாதிப் பாரம் குறையும். சனி இரவே கடலை, கௌப்பி, பயறு ஊறப்போட்டு, காலையில் பிரஷர் குக்கரிலே அவித்து, ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறைய வைக்கலாம். வெங்காயம், உள்ளி, இஞ்சி வதக்கி வைத்தால் எந்தக் கறிக்கும் அத்திவாரம். போஞ்சி, கரட், கோவா ஒருவர் வெட்ட ஒருவர் கழுவலாம். சுப்பர்மார்க்கெட்டிலே உறைய வைத்து விற்கும் பசளிக்கீரையை இளக்காரமாக நினைக்க வேண்டாம்; ஒரு நாளைக்கு ஐந்து பங்கு, அதாவது 400 கிராம், மரக்கறியும் பழமும் உண்ணும்படி சொல்லுகிறார்களே, அந்தக் கணக்கிலே அதுவும் சேரும். தேங்காய்ப்பூவும் உறைந்ததே கிடைக்கின்றது. திருவலையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

சோற்றிலே மாத்திரம் கவனம். ஊரிலே பழஞ்சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி அடுப்படியிலே வைத்த பழக்கத்தில், இங்கேயும் இரவு முழுவதும் சட்டியோடு வெளியே விடுகிறார்கள். ஆக்கிய சோற்றை ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியிலே வைத்து, ஒரு நாளைக்குள், ஒரே முறை நன்றாகச் சூடாக்கி உண்ண வேண்டும் என்று இங்குள்ள உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சொல்லுகிறார்கள். வெளியே கிடக்கும் சோற்றிலே ஒருவகைக் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. கறிகளை இரண்டு நாள் வைக்கலாம். ஆகவே கறியை முன்கூட்டிச் செய்து, சோற்றையோ பிட்டையோ அன்றன்று ஆக்குவதே முறை. பிட்டு இருபது நிமிட வேலை.

சாப்பாட்டுக் கோப்பையிலே பாதி மரக்கறி, கால்பங்கு பருப்பு கடலை வகை, கால்பங்கு சோறு. இந்த அளவைப் பார்த்தால் யாழ்ப்பாணத்து வயிறு முதலில் சிரிக்கும். சோறு மலை, கறி அதன் அடிவாரத்துக் கிராமம் என்பதே எமது புவியியல். மெதுவாகத்தான் மாறும். குரக்கனும் சிவப்பரிசியும் நல்லவை. ஆனால் அவையும் மாச்சத்துத்தான். சலரோகத்துக்கு மருந்தென்று எண்ணி மூன்று குழல் குரக்கன் பிட்டுச் சாப்பிட்டால் சீனி ஏறாமல் என்ன செய்யும்? மாவோடு கீரையை அரிந்து சேர்த்து அவிக்கும் கீரைப் பிட்டை எங்கள் அம்மம்மாமார் அறிந்திருந்தார்கள். வயிறு நிறையும், மா குறையும். உப்பு ஒரு நாளைக்கு 6 கிராம், ஒரு தேக்கரண்டி மட்டம். அப்பளமும் ஊறுகாயும் மோர்மிளகாயும் ஒரே நேரம் வைத்தால் அந்த அளவு எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். சொதிக்கு முதற்பால் குறைத்துக் கப்பிப்பாலிலே ஆக்கினாலும் சொதி சொதிதான்.

இதிலே எமது மடைப்பள்ளியும் சேர்த்தி. வெள்ளிக்கிழமைப் பிரசாதம் வெள்ளைச் சோறு, வடை, பாயசம், மேலே ஒரு கேசரி. அடியார்களிலே அரைவாசிப் பேர் மாத்திரை போடுகிறவர்கள். வாரத்திலே ஒரு நாளாவது கேசரிக்குப் பதிலாக அவித்த கடலையும் பழமும் கொடுத்தால் விநாயகப் பெருமான் கோபிக்கமாட்டார் என்று நிர்வாக சபைக்குப் பணிவோடு விண்ணப்பிக்கின்றோம். இங்கிலாந்திலே 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனைக்குக் கடிதம் வரும். அதை விளம்பரக் கடிதம் என்று எறிந்துவிடாதீர்கள், முக்கியமாகப் பெண்கள். வீட்டிலே எல்லோருக்கும் வைத்தியரிடம் நேரம் எடுத்துக் கொடுப்பவர் தனக்கு எடுப்பதில்லை.

பிள்ளைகளுக்கு வருவோம். ஆறுமுக நாவலர் எழுதிய சைவ வினாவிடையிலே திருநீற்றையும் திருவைந்தெழுத்தையும் பற்றிய வினாக்கள் இருக்கின்ற அதே நூலிலே, போசனம் பண்ணும் இடம், பாத்திரம், முறை ஆகியவை பற்றிய வினாக்களும் இருக்கின்றன. உண்பதும் அவருக்கு நித்திய கருமத்திலே ஒன்று. யாழ்ப்பாணத்திலே பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த பெருமகன் அவர். இங்கே எங்கள் பிள்ளைகள் கணிதத்திலே உயர்ந்த புள்ளி எடுக்கிறார்கள். ஒரு சுண்டு அரிசிக்கு எத்தனை சுண்டு தண்ணீர் என்று கேட்டால் விழிக்கிறார்கள். மகளுக்காவது கொஞ்சம் தெரியும், மகனுக்குப் பரீட்சை. மகளுக்கும் அதே பரீட்சைதான் என்பதை யாரும் கவனிப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளை உள்ளி உரிக்கலாம், மேசை துடைக்கலாம். பதினான்கு வயதுப் பிள்ளை பருப்பு வைக்கலாம். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு மான்செஸ்டரிலிருந்து இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி எடுத்து "அம்மா, பருப்புக்கு எப்ப உப்புப் போடுறது?" என்று கேட்பதைவிட முன்னமே அறிந்திருப்பது நல்லதல்லவா?

தனியே இருக்கும் முதியவர்களையும் மறக்கலாகாது. ரூட்டிங்கிலும் வெம்பிளியிலும் மாடி வீடுகளிலே பிள்ளைகள் பிரிந்துபோக, ஒரு கோப்பை தேநீரும் இரண்டு துண்டுப் பாணுமாக இரவைக் கழிக்கும் அம்மாமார் இருக்கிறார்கள். ஒருவருக்காக ஏன் சமைப்பான் என்பார்கள். வந்தி என்றால் முதலிலே அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை உறைய வைக்கும் கறியிலே இரண்டு பெட்டி அவர்களுக்கென்று ஒதுக்கி, கொண்டுபோய்க் கொடுத்து, அரைமணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டு வரக்கூடிய இளைஞர்கள் அலுவலகத்திலே பெயர் கொடுக்கலாம். கார் உள்ளவர்கள் விசேடமாக வேண்டும்.

ஆவணி மூலத்தன்று மாலைப் பூசையிலே சுவாமிக்குப் பிட்டு நிவேதனம் நடைபெறும். சிவப்பரிசி மாவும் குரக்கன் மாவும் கீரையும் ஆலயம் வாங்கும். பிட்டு அவிக்கும் பொறுப்பு முழுவதும் இம்முறை ஆண்களுக்கும் பையன்களுக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு மடைப்பள்ளிக்கு வரவேண்டும். நீற்றுப்பெட்டி வைத்திருப்போர் அதிலே பெயர் எழுதிக் கொண்டு வரவும். மாக் குழைக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு அம்மாமார் இணங்கியிருக்கிறார்கள். அவர்கள் கதிரையிலே இருந்தபடி வாயாலே சொல்லுவார்கள். மாவிலே கை வைக்கமாட்டார்கள் என்பது நிபந்தனை. பூசை முடிந்ததும் பெண்களும் முதியோரும் முதற் பந்தியிலே இருந்து உண்ண, மற்றவர்கள் பரிமாறுவார்கள். உதிர்ந்த பிட்டு, அவித்தவர்களுக்கு.

திருச்சிற்றம்பலம்.